தணிகாசலத்தின் மஞ்சள் பாஸ்

ஓய்வு பெற்றவர்களிடம் யோசனை கேட்பது பெரும்பாலும் மரியாதைக்காகத்தான். நாம் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவரின் மனம் வேறு வேலைக்குப் போயிருக்கும். போன வாரம் இந்துமதி போன் செய்து, "அக்கா, ஒரு விஷயம் கேக்கணும், நெசமாவே கேக்கேன்" என்று ஆரம்பித்ததால் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

விருதுநகரில் மாவட்ட அலுவலகத்தின் ரகசியப் பிரிவில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள். சிவகாசிப் பக்கம் அரசுத் தேர்வுக்கான கேள்வித்தாள் அச்சடிக்கும்போது, அச்சகத்துக்குள் போய்வரும் அதிகாரிகளுக்கு அனுமதி கொடுக்கும் வேலையை அந்தப் பிரிவுதான் பார்க்கிறது. எங்கள் நாளில் கழுத்தில் தொங்கும் மஞ்சள் பாஸ். இப்போது கேமரா முகத்தைப் பார்த்துக் கதவைத் திறக்கிறதாம். திரையில் அதிகாரிகளின் பெயர்கள் வரிசையாக இருக்குமாம். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சிவப்பு பட்டன். அதை அழுத்தினால் அதற்குப் பிறகு அந்த முகத்துக்குக் கதவு திறக்காது. அந்த பட்டனை யாரிடம் கொடுக்கலாம், ஆட்சியரிடமா, போலீஸ் அதிகாரியிடமா, தேர்வு நடத்துகிறவர்களிடமா, வாசலில் நிற்கிறவரிடமா என்று சென்னையிலிருந்து கருத்துக் கேட்டிருக்கிறார்கள். "அந்தக் காலத்துல நீங்க எப்படிக்கா பண்ணீங்க?" என்றாள்.

அந்தக் காலமாம். நான் ஓய்வு பெற்று அப்படியொன்றும் யுகம் ஆகிவிடவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் எதிர்பார்த்ததைவிட இது நீளம். பாதியில் விட்டுவிடாமல் படிக்க வேண்டும் என்பதே அவளுக்கு என் வேண்டுகோள்.

தட்டச்சராகச் சேர்ந்தவள் நான். இடையில் சம்பளப் பிரிவு, நிலப் பிரிவு, வெள்ள நிவாரணம் என்று எங்கெங்கோ தள்ளிவிட்டார்கள். அதில் சொல்லும்படி ஒன்றும் இல்லை. ரகசியப் பிரிவுக்கு என்னைத் தேர்ந்தெடுத்ததே ஒரு தவறான கணிப்பு. முந்தைய பிரிவில் யாரோடும் எனக்கு ஒத்துப்போகாததால் பேசாமல் இருந்தேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மை தெரியவந்தபோது நான் அந்த வேலையைக் கற்று முடித்திருந்தேன்.

கற்றுக்கொடுத்தவர் என்று சொல்ல முடியாது, ஆனால் அவரைப் பார்த்துத்தான் கற்றேன். ஆட்சியரின் நேர்முக உதவியாளர் வேலாயுதம் சார். எல்லோருக்கும் பி.ஏ. சார். அருப்புக்கோட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பருத்திக்காட்டில் நின்றுவிட்டுத் திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வருவார். அரைக்கை வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடிக் கூடு. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யார் எந்த அனுமதியைப் பற்றி எதைச் சொன்னாலும் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "யாரு குடுத்தது?" அதற்குப் பதில் தெரியாமல் போனால் மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசமாட்டார். ஃபைலைத் திருப்பித் தள்ளிவிடுவார்.

அவர் பாஸ் கொடுக்கும் முறையை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததெல்லாம் அதிலிருந்துதான். அதிகாரி நேரில் வர வேண்டும். அவர் வந்ததும் சார் எழுந்து நிற்பார், வந்தவரையும் உட்காரச் சொல்லமாட்டார். எந்தக் கட்டடம், எந்தக் கதவு, எந்த நாள் வரை என்று வாய்விட்டுப் படிப்பார். பிறகு பாஸை மேசையில் வைப்பார். கைக்குக் கை கொடுக்கவே மாட்டார். எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் குனிந்து மேசையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். சிலருக்கு முகம் சுருங்கும். நான் ஒருமுறை கேட்டேன். "கையில குடுத்தா நான் குடுத்த மாதிரி ஆயிரும்ல. குடுத்தது கலெக்டரு. நான் வெறும் மேசைதாம்மா" என்றார்.

அந்த மேசை ஒருமுறை நல்ல ஆளைக் காப்பாற்றியது. பட்டாசு ஆலைகளைச் சோதிக்கும் தாசில்தார் ஒருவர் இருந்தார். வெடிமருந்துக் கிடங்குகளுக்குள் எந்த நேரமும் போகலாம் என்று அவருக்குப் பாஸ். சீசன் உச்சத்தில், நாரணாபுரம் பக்கம் ஒரு ஆலையில் ஒரு அறைக்கு இருக்க வேண்டிய ஆட்களைவிட அதிகம் பேர் உட்கார்ந்து வேலை செய்வதைப் பார்த்து, அறையைப் பூட்டிவிட்டார். மறுநாளே எங்கள் மாவட்டத்தில் செல்வாக்குள்ள ஒரு மனிதர் போன் செய்தார். அந்த ஆள் சரியில்லை, லஞ்சம் வாங்குகிறான், உடனே பாஸைப் பிடுங்குங்கள் என்றார். சார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தப் பாஸ் ஆட்சியர் கொடுத்தது, அவர்தான் எடுக்க வேண்டும், நீங்கள் அவரிடம் பேசுங்கள் என்றார். அந்தப் பக்கம் சத்தம் போட்டார்கள். சார் ரிசீவரை மெதுவாக மேசையில் படுக்க வைத்துவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார். அந்த மனிதர் ஆட்சியரிடம் பேசவே இல்லை. பேசினால் எதற்காக என்று சொல்ல வேண்டியிருக்குமே.

ஆனால் அதே மேசை வேறொரு சமயம் எங்களைத் திண்டாட வைத்தது. ஒரு தேர்தலில், வாக்குப்பெட்டி வைத்திருந்த கட்டடத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு அதிகாரி பாஸோடு வந்தார். மத்தியானம் வரும்போதே நடை சரியில்லை, பக்கத்தில் போனால் சாராய நாற்றம். அவருக்குப் பாஸ் கொடுத்தவர் வேறு மாநிலத்தில், போனை எடுக்கவில்லை. உள்ளே விட முடியாது, பாஸை வாங்கவும் முடியாது. சார் அவரைத் தன் அறையில் உட்கார வைத்து, மோர் கொடுத்து, பருத்தி விலை, மழை, மகள் கல்யாணம் என்று சாயங்காலம் வரை பேச்சுக் கொடுத்தார். அந்த அதிகாரி மிகவும் மகிழ்ந்து, இவ்வளவு நல்ல மனிதர்களை எங்கும் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

அன்று சாரிடம் சண்டை போட்டேன். வாசலில் இருப்பவருக்கு நிறுத்தி வைக்கும் அதிகாரமாவது வேண்டும், எல்லா நேரமும் மோர் கொடுத்துச் சமாளிக்க முடியாது என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நிறுத்தி வைக்கிறதுன்னு ஒண்ணு கெடையாதும்மா. வெளிய நின்னு பாக்கிறவனுக்கு நிறுத்தினதும் பிடுங்கினதும் ஒண்ணுதான்." நான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போதும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை.

இனி தணிகாசலத்தின் கதை.

அதற்குள் நான் பிரிவின் கண்காணிப்பாளர். சார் ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தார். காலண்டர் சீசன் முடிந்து மிஷின்கள் ஓய்ந்திருந்த சமயம், திருத்தங்கல் பாதையில் ஒரு அச்சகத்தில் பெரிய தேர்வு ஒன்றின் கேள்வித்தாள் அச்சானது. தேர்வை நடத்துவது சென்னையில் உள்ள அலுவலகம், அதன் பெயர் இங்கே தேவையில்லை. அச்சடிப்பதை உள்ளேயிருந்து மேற்பார்க்க அவர்கள் அனுப்பியவர்தான் தணிகாசலம். துணை ஆட்சியர் நிலை, வேலூர்ப் பக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். அவருடைய மஞ்சள் பாஸில் கையெழுத்து சென்னை அலுவலகத்தின் செயலாளருடையது. வாசல் மேசை எங்களுடையது. மாவட்டம் முழுக்க அந்தக் கேள்வித்தாளைக் கண்ணால் பார்க்க உரிமை இருந்தது அவர் ஒருவருக்குத்தான். ஆட்சியருக்கே கிடையாது.

வாசலில் எல்லோருக்கும் சோதனை உண்டு. செல்போனைத் தகரப் பெட்டியில் போட வேண்டும். தூக்குவாளிச் சாம்பாரைக்கூடக் கரண்டி விட்டுக் கலக்கிப் பார்ப்போம். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது பெரிய விஷயமே இல்லை. பட்டாசு ஆலைக்குள் போகும்போது தினமும் மடியைத் தட்டி, தீப்பெட்டி இருக்கிறதா என்று பார்த்துத்தான் விடுவார்கள். பழக்கம். வெளியூர் அதிகாரிகளுக்குத்தான் மானம் போய்விடும். தணிகாசலம் முதல் நாளே செருப்பைக் கழற்றி அடிப்பக்கத்தைக் காட்டி, "இதையும் பாருங்க மேடம்" என்றார். எனக்கு அந்த ஆளை அப்போதே பிடித்துப்போயிற்று.

விதிப்புத்தகத்தை அவர் அட்சரம் பிசகாமல் பின்பற்றுவார். அதில் ஒரு விதி, அச்சில் வீணாகும் தாள்களை அன்றன்றே அதிகாரி முன்னிலையில் எரிக்க வேண்டும் என்பது. முதல் நாள் சாயங்காலம் எரிக்க இடம் கேட்டார். அச்சக வாட்ச்மேனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் பட்டாசு ஆலை. "சார், இங்கன பீடி பத்தவைக்கணும்னாலே மெயின் ரோட்டுக்குப் போகணும்" என்றான். தணிகாசலம் எங்களைக் கேட்டார். வீண் தாளைத் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கிவிடுவதுதான் இங்கே வழக்கம், எப்போதும் அப்படித்தான் என்று சொன்னோம். அவரும் தினமும் தொட்டியருகே நின்று, தாள் கரைந்து எழுத்து தெரியாமல் போகும்வரை பார்த்துவிட்டுத்தான் நகர்வார். விதிக்கு மாறாக இப்படிச் செய்கிறோம் என்று சென்னைக்கு யாரும் எழுதவில்லை. அவருக்கு முன்னால் வந்தவர்களும் எழுதியதில்லை. சிவகாசியில் தீ வைக்கக்கூடாது என்பதைப் போய் ஒருவருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றியதே இல்லை.

ஒரு திங்கட்கிழமை. மனு கொடுக்கும் நாள், கூட்டம் நெரிந்தது. வரிசையில் ஒரு இளம்பெண், பெயர் பாண்டிச்செல்வி. நாரணாபுரத்துக்காரி, பட்டாசு ஆலைக்கு வேனில் போய் வருகிறவள். வீட்டிலும் தாளில் வெறும் வெடிக்குழாய் சுற்றிக் கொடுக்கிறவள். முறை வந்ததும் பையிலிருந்து ஒரு வெடிக்குழாயை எடுத்து ஆட்சியர் மேசையில் வைத்தாள். பாதுகாப்புக்கு நின்ற போலீஸ்காரர் நாலடி பின்னால் போய்விட்டார். அவள் நிதானமாக, "உள்ள மருந்து இல்லீங்க. தாளைத்தான் பாக்கணும்" என்றாள்.

குழாய் சுற்ற அச்சகக் கழிவுத்தாள் கட்டுக்கட்டாக வரும். அப்படி வந்த கட்டில் ஒரு தாளில் எண் போட்ட கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நாலு விடை. அவளே அந்தத் தேர்வுக்கு ராத்திரி பகலாகப் படித்துக்கொண்டிருந்தவள். தேர்வு நெருங்கும் நேரம், திருத்தங்கலில் கேள்வித்தாள் அச்சாகிறது என்று ஊரெல்லாம் தெரியும். பேசாமல் தாளை வைத்துக்கொண்டிருக்கலாம். பஸ் ஏறி வந்துவிட்டாள். வழியில் யாரும் பார்த்துவிடக்கூடாது என்று அதையே குழாயாகச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்.

வேலாயுதம் சார் அப்போது ஒரு காரியம் செய்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எழுத்து தெரியாது. அதற்குப் பிறகுதான் குழாயைக் கையில் எடுத்தார். ஆட்சியர் எட்டிப் பார்த்தபோது, "நீங்க பாக்கக் கூடாது சார்" என்றார். ஆட்சியரும் நல்லவர், கையை எடுத்துவிட்டார். எங்கள் அறைக்குக் கொண்டுவந்து உறையில் போட்டு அரக்கு வைத்தோம். அது அசல்தானா என்று தெரிந்துகொள்ள அந்த மாவட்டத்தில் ஒருவரால்தான் முடியும். அசலாக இருந்தால் முதல் சந்தேகமும் அந்த ஒருவர் மேல்தான்.

சென்னைக்குப் போன் போட்டோம். செயலாளர் டெல்லியில் கூட்டத்தில் இருந்தார், பிடிக்க முடியவில்லை. அவருக்கு அடுத்த நிலையில் இருந்த இணை இயக்குநர் பேசினார். அவர் முதலில் கேட்டது, வீண் தாளை எரிக்கிறீர்களா என்று. இல்லை, கூழாக்குகிறோம் என்றோம். அப்படியானால் தாள் அங்கிருந்துதான் வெளியே போயிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். உடனே உத்தரவு வந்தது. அந்த அதிகாரியை உடனே வெளியே எடுங்கள், பாஸை வாங்கி வையுங்கள். சார் வழக்கமான கேள்வியைக் கேட்டார். அது செயலாளர் கொடுத்தது என்று பதில் வந்தது. அப்படியானால் அவரே சொல்லட்டும் என்றார் சார். அதற்குள் ஏதாவது நடந்தால் நீங்கள்தான் பொறுப்பு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார் இணை இயக்குநர்.

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "முத்துலட்சுமி, நீங்க என்ன நெனைக்கீக?" என்றார். அத்தனை வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, கசிவு உண்மையானால் இன்னும் தாள் வெளியே போகும், எத்தனையோ பிள்ளைகளின் பிழைப்பு அதில் இருக்கிறது, அவரை வெளியே வரச் சொல்வதுதான் சரி என்றேன்.  "சரி, போங்க. ஆனா நீங்க எடுக்காதீக. அவரு வச்சா மேசை வாங்கிக்கிடட்டும்" என்றார்.

கிளம்பும்போது பாண்டிச்செல்வி வாசலில் மறித்தாள். அந்தத் தாளை அவள் முழுதாகப் படித்துவிட்டாள். அசல் கேள்வித்தாளைப் படித்தவள் தேர்வு எழுத முடியுமா? "மேடம், நான் பரிட்சை எழுதலாம்ல?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் யார் என்றும் தெரியவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறினேன்.

தணிகாசலம் கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தார். நடந்ததைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அந்தத் தாளை எங்கிட்டக் காட்டுங்க மேடம். ஒரு பார்வை போதும், நம்முதா இல்லையான்னு சொல்லிடுறேன்" என்றார்.

அவர் சொன்னது நியாயம். உறை என் பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் இல்லை என்று அவர் சொன்னால் யார் நம்புவார்கள்? தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னார் என்பார்கள். "நீங்க சொன்னா எடுபடாது சார்" என்றேன். என் வேலைக்காலத்தில் ஒரு மனிதரின் முகத்துக்கு நேராக நான் சொன்னதிலேயே கடினமான வார்த்தை அது. அவருக்கு அது உறைக்க ஒரு நொடி ஆனது.

பாஸைக் கழற்றும்போது கயிறு கண்ணாடியில் மாட்டிக்கொண்டது. நிதானமாக விடுவித்து மேசையில் வைத்தார். "யார் எடுத்தாங்கன்னு எழுதிக்குங்க. நாளைக்கு நான் அவங்ககிட்டதானே கேக்கணும்" என்றார். பதிவேட்டில் பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் என்ன எழுதுவது? இணை இயக்குநர் எழுத்தில் எதுவும் தரவில்லை. செயலாளருக்கு விஷயமே தெரியாது. மேசைக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. என் பெயரை எழுதினேன். அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை. யாராவது ஒருவர் எழுதித்தான் ஆக வேண்டும்.

மிஷினை நிறுத்திக் கதவுக்குச் சீல் வைத்தோம். கார் வரும்வரை அவர் வாட்ச்மேனின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தினமும் சல்யூட் அடிக்கும் வாட்ச்மேன், அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டான். ஆலைகள் விட்டு வேன்கள் போக ஆரம்பித்தன. ஜன்னலோரப் பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இருட்டுவதற்குள் திருத்தங்கல் பஸ் ஸ்டாண்டில், கேள்வித்தாளை வித்த ஆபீசரைப் பிடிச்சிட்டாங்களாம் என்று பேச்சு. சார் சொன்னது சரிதான். நிறுத்தி வைப்பது என்று ஒன்று இல்லை.

இரவில் தகவல் கிடைத்து, மறுநாள் காலையில் செயலாளரே விமானத்தில் மதுரை வந்து, அங்கிருந்து காரில் வந்தார். கையோடு வேறொரு அதிகாரியையும் அழைத்து வந்திருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு உறையைப் பிரித்து ஒப்பிட்டார். நாங்கள் கொடுத்த காபி ஆறுவதற்குள் வெளியே வந்துவிட்டார். ஒரு கேள்விகூட ஒத்துப்போகவில்லை. யாரோ பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்கள் வேறொரு அச்சகத்தில் அடித்த மாதிரித் தேர்வு. அச்சு அசலாக அதே அமைப்பில் அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பிறகு தொட்டியைப் பார்க்கக் கூட்டிப்போனோம். சுவருக்கு மேலே தெரிந்த பட்டாசு ஆலைப் பலகையைப் பார்த்துவிட்டு, இங்கே எங்கே எரிப்பது என்று அவரே சிரித்தார்.

பாண்டிச்செல்விக்கு அன்றே சொல்லி அனுப்பினோம். தேர்வு எழுதினாள். முடித்துவிட்டு வந்து, "அந்தத் தாளுல இருந்து ஒண்ணுகூட வரல மேடம். அம்புட்டையும் மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன்" என்றாள். அந்த முறை வேலை கிடைக்கவில்லை, அடுத்த முறை கிடைத்தது. இப்போது ஒரு தாலுகா அலுவலகத்தில் இருக்கிறாள்.

தணிகாசலம் அன்று காலையிலிருந்து லாட்ஜில் குளித்து, சட்டை மாற்றித் தயாராக இருந்தார். பாஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். செயலாளரிடம் கேட்டேன். "நான் ரத்து செய்யலையேம்மா, திருப்பிக் கொடுக்க என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு, புது அதிகாரியை உள்ளே அனுப்பிவிட்டுக் கிளம்பினார். இணை இயக்குநருக்குப் போன் போட்டேன். கவனமாக இருங்கள் என்றுதான் சொன்னேன், பாஸை வாங்கச் சொல்லவே இல்லை என்றார். ஆட்சியரிடம் போனேன். அது நாம் கொடுத்ததும் இல்லை, எடுத்ததும் இல்லை என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. யாருடைய பதிலிலும் தப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

கடைசியில் பாஸை எடுத்துக்கொண்டு நானே லாட்ஜுக்குப் போனேன். அங்கே இருந்த சின்ன மேசையில் வைத்தேன். என் பெயரில்தான் வாங்கினேன், நானே திருப்பித் தருகிறேன் என்றேன். அவர் தொடவில்லை. "உங்க மேல வருத்தம் இல்லை மேடம். ஆனா நீங்க கொடுத்து நான் வாங்கிக்கிட்டா, உள்ளே போறப்ப அந்தப் புது ஆபீசர் யார் கொடுத்ததுன்னு கேப்பாரு. நான் என்ன சொல்றது? மேலேருந்து வரட்டும்" என்றார். பாஸை எடுத்துவந்து என் மேசை டிராயரில் வைத்தேன். மேலே இருந்து ஒன்றும் வரவில்லை. சில நாள் காத்திருந்துவிட்டுத் தன் பழைய பதவிக்குப் போய்விட்டார். அவர் மேல் குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, ஒரு வரி குறிப்புகூட இல்லை. ரகசிய வேலை எதற்கும் பிறகு யாரும் அவரை அழைக்கவும் இல்லை.

வேலாயுதம் சார் ஓய்வு பெறும் நாளில் அதைப் பற்றி நான் பேச்சை எடுத்தேன். எப்போதும் பதில் வைத்திருக்கும் மனிதர், "குடுத்தவன்தான் எடுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். எடுத்தவன் யாருன்னு கேக்க மறந்துட்டேனேம்மா" என்றார்.  

பல வருஷம் கழித்துத் தணிகாசலம் ஒருமுறை போன் செய்தார். பதவி உயர்வுக்கு ஒரு படிவமாம். ரகசியப் பணி எதிலிருந்தாவது நீங்கள் எப்போதாவது விலக்கப்பட்டதுண்டா என்று அதில் ஒரு கேள்வி. "ஆமான்னு போடவா, இல்லைன்னு போடவா மேடம்? நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க, சொல்லுங்க" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். ஆமாம் என்றால் எடுத்தவர் யார் என்று கேட்பார்கள், சொல்ல ஆளில்லை. இல்லை என்றால் பாஸ் எங்கே என்பார்கள்.  அவர் என்ன போட்டார் என்று நானும் கேட்கவில்லை.

எழுதியதை முந்தாநாள் இந்துமதிக்குப் போனில் படித்துக் காட்டினேன். முழுதாகக் கேட்டாள். "அப்ப பட்டனை யாருகிட்டக்கா குடுக்கச் சொல்றீங்க?" என்றாள். வாசலில் நிற்கிறவரிடமும் கொடுக்கலாம், சென்னையிலும் இருக்கலாம், எனக்கு அதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றேன். அழுத்துகிறவரின் பெயர் அங்கேயே பதிவாக வேண்டும். தப்பென்று தெரிந்தால் அதே ஆள் அந்த அதிகாரியைத் தேடிப் போய்த் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குச் சம்மதிக்கிற ஆளிடம் கொடுக்கச் சொல் என்றேன். பிறகு அவளிடம் ஒன்று கேட்டேன்.

"அந்தத் திரையில திருப்பிக் கொடுக்க பட்டன் இருக்கா?"

அவள் பார்த்துவிட்டு வந்தாள். "இல்லக்கா. விண்ணப்பம் எழுதணும்னு போட்டிருக்கு."

"யாருக்கு?"

"அது போடல."

 நான் பொறுப்பை ஒப்படைத்தபோது மேசையோடு சேர்த்து என்னென்ன கொடுத்தேன் என்று அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் டிராயரை இழுக்கும் சத்தம் கேட்டது.

"இன்னும் இங்கனதான் இருக்குக்கா" என்றாள்.